அளந்து இறுக்குவோம்: எண்ணெய் எஞ்சினின் தலைப் போல்ட்டுகள்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. நெல்லை அளந்து விற்கிறோம். உரத்தை நிறுத்துப் போடுகிறோம். மருந்தை ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தெளிக்கிறோம். ஆனால் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய எண்ணெய் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது மட்டும் அளவை மறந்துவிடுகிறோம். "நன்றாக இழுத்து இறுக்கு" என்பதோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது.

இதனால் விளையும் நஷ்டத்தை விவசாயிகள் அறிவார்கள். பயிர் தொண்டைக் கதிரில் நிற்கிறது. வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் வயல் மேட்டில் இருப்பதால் எஞ்சின் வைத்து இறைத்தாக வேண்டும். சென்ற வாரந்தான் புதிய கேஸ்கட் போட்டுப் பூட்டிய எஞ்சின், அன்று பார்த்துச் சூடேறி, வெண்புகை கக்கி நின்றுவிடுகிறது. தலையைக் கழற்றிப் பார்த்தால் கேஸ்கட் ஓரிடத்தில் கருகி அறுந்திருக்கிறது. கேஸ்கட்டின் விலை சிறிது. தண்ணீர் இல்லாமல் கழியும் நாட்களின் விலை பெரிது. "கேஸ்கட் மட்டமான சரக்கு" என்று கடைக்காரரை நோவதுதான் வழக்கம். பல தடவைகளில் குற்றம் கேஸ்கட்டின்மீது இல்லை; இறுக்கிய முறையின்மீது இருக்கிறது.

தலைப் போல்ட்டுகளை ஏன் அளந்து இறுக்க வேண்டும், எவ்வாறு இறுக்க வேண்டும், அதற்கான கருவியாகிய டார்க் ரெஞ்சை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம். இறைவை எஞ்சின், பவர் டில்லர், டிராக்டர், மின்சாரம் உண்டாக்கும் ஜெனரேட்டர் ஆகிய எல்லாவற்றிற்கும் இதன் அடிப்படை ஒன்றே.

தலைப்பகுதி தாங்கும் பாரம்

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897ஆம் ஆண்டில் ருடால்ப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவம், காற்றை மிக அதிகமாக அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரியவிடுவதாகும். இன்றைய சிறிய டீசல் எஞ்சின்களில் சிலிண்டருக்குள் வந்த காற்று 16 அல்லது 18இல் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. எண்ணெய் எரியும் கணத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 70 கிலோ அழுத்தம் உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம்.

80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர். எனவே, எஞ்சினின் தலையை மேல்நோக்கித் தூக்கும் விசை 50 பெருக்கல் 70, அதாவது 3,500 கிலோ ஆகும். 50 கிலோ மூட்டைகள் 70 சேர்ந்தால் என்ன பாரமோ, அந்தப் பாரம் கீழிருந்து மேலாக மோதுகிறது. நிமிடத்திற்கு 1,500 சுற்று ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் இந்த மோதல் ஒவ்வொரு நிமிடமும் 750 தடவை நிகழ்கிறது. ஒவ்வொரு மோதலிலும் வாயு சிறிதும் கசியாமல், தண்ணீரும் எண்ணெயும் தத்தம் வழிவிட்டு மாறாமல் தடுக்க வேண்டியது கேஸ்கட். அந்தக் கேஸ்கட்டைப் பிடித்து அழுத்தி வைத்திருப்பவை தலைப் போல்ட்டுகள்.

ஒரு போல்ட்டு சிறிது தளர்ந்திருந்தாலும் அந்த இடத்தில் வாயுவுக்கு நூலிழை வழி கிடைக்கிறது. வரப்பில் நண்டு வளையொன்று இருந்தால் என்ன ஆகும்? முதலில் கசிவு, பிறகு அரிப்பு, கடைசியில் உடைப்பு. கேஸ்கட் அறுவதும் இப்படித்தான்.

போல்ட்டும் ஒரு வில்லே

போல்ட்டு என்பது ஆணியைப்போல் வெறுமனே செருகி நிற்கும் பொருள் என்று பலர் கருதுகிறார்கள். அது சரியன்று. இறுக்கும்போது போல்ட்டு நீளுகிறது. நீண்ட போல்ட்டு மீண்டும் சுருங்க முயல்கிறது. அவ்வாறு சுருங்க முயலும் இழுவிசையே தலையைச் சிலிண்டரோடு சேர்த்துப் பிடிக்கிறது. ஆகவே போல்ட்டு ஒரு கடினமான வில் ஆகும்.

12 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரையில் எண்ணெய் இடாமல், 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் அதை இறுக்கினால், சுமார் 3,400 கிலோ இழுவிசை அதில் உண்டாகிறது. நான்கு போல்ட்டுகளும் சேர்ந்தால் 13,600 கிலோ. வாயுவின் 3,500 கிலோவைப்போல் இது ஏறக்குறைய நான்கு மடங்கு. கேஸ்கட் எப்போதும் நசுங்கியே இருப்பதற்கும், ஒவ்வொரு மோதலிலும் போல்ட்டு அசைந்து களைத்து முறியாமல் இருப்பதற்கும் இத்தகைய உபரி விசை தேவைப்படுகிறது.

இவ்வளவு இழுவிசையில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தப் போல்ட்டு எவ்வளவு நீளும்? ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர், ஒரு தபால் அட்டையின் கனம் அளவே. நம் எஞ்சினின் நலம் முழுவதும் இந்த அட்டைக் கனத்தில் அடங்கியிருக்கிறது. கேஸ்கட் பின்னர் 0.05 மில்லிமீட்டர் அமிழ்ந்து கொடுத்தால், நீட்சியில் கால் பங்கு போய்விடும். பிடிப்பும் சுமார் கால் பங்கு குறையும். மாறாக, அளவு மீறி இழுத்தால் போல்ட்டு வில்லாக இராமல் நிரந்தரமாக நீண்டு, மெழுகுபோல் இளகிவிடும். அவ்வாறு இளகிய போல்ட்டு பார்வைக்கு இறுகியிருக்கும், வேலைக்கு உதவாது.

கைக்கணக்கு ஏன் பொய்க்கிறது?

முறுக்கு விசை என்பது இழுக்கும் விசையையும் கைப்பிடியின் நீளத்தையும் பெருக்கி வருவது. ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியை 1 கிலோ விசையால் இழுத்தால் அது 1 கிலோகிராம் மீட்டர். இது 9.81 நியூட்டன் மீட்டருக்குச் சமம்.

25 சென்டிமீட்டர் ஸ்பேனரை 20 கிலோ விசையுடன் இழுப்பவர் 5 கிலோகிராம் மீட்டர், அதாவது 49 நியூட்டன் மீட்டர் மட்டுமே தருகிறார். 80 தேவைப்படும் இடத்தில் இது போதாது. அதே ஸ்பேனரில் குழாய் ஒன்றைச் செருகி, 60 சென்டிமீட்டர் தூரத்தில் 60 கிலோ எடையுள்ள ஆள் தொங்கினால் 36 கிலோகிராம் மீட்டர், அதாவது சுமார் 353 நியூட்டன் மீட்டர் ஆகிறது. தேவையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்! குட்டை ஸ்பேனரில் குறைவு, குழாயில் மிகுதி. நடுவிலுள்ள சரியான அளவைக் கையால் உணர்வது அனுபவசாலிக்கும் அரிது. காலையில் இருக்கும் கைப்பலம் மாலையில் இருப்பதில்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

இன்னொரு காரணம் உராய்வு. நாம் செலவிடும் முறுக்கு விசையை 100 பங்கு என்று கொண்டால், ஏறக்குறைய 50 பங்கு நட்டின் அடிப்புறத்து உராய்விலும், 40 பங்கு மரையின் உராய்விலும் போய்விடுகின்றன. போல்ட்டை நீட்டப் பயன்படுவது மீதி 10 பங்குதான். இதை வாய்க்கால் நீரோடு ஒப்பிடலாம். தலைமடையில் விட்ட 100 பங்கு நீரில் 90 பங்கு வழியிலேயே சுவறி, கடைமடைக்கு 10 பங்கு வருகிறது என்று கொள்வோம். வழியில் இன்னும் 5 பங்கு சுவறிவிட்டால் தலைமடைக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. கடைமடைக்காரருக்கோ பாதி நீர் போயிற்று. துருப்பிடித்த மரையும் இவ்வாறே செய்கிறது. நட்டு கைக்குக் கடினமாக இருக்கும். போல்ட்டிலோ பாதிப் பிடிப்புக்கூட இராது.

எதிர்ப்புறமாகவும் தவறு நேரும். உலர்ந்த மரைக்குக் குறித்த 80 நியூட்டன் மீட்டரை எண்ணெய் பூசிய மரைக்குக் கொடுத்தால், 3,400 கிலோவுக்குப் பதில் 4,500 கிலோ வரையில் இழுவிசை ஏறலாம். ஆகையால், எஞ்சினின் கையேட்டில் எண்ணெய் பூசச் சொல்லியிருந்தால் பூச வேண்டும். உலர்வாக என்றிருந்தால் உலர்வாகவே விட வேண்டும். முறுக்கு விசையின் அளவும் மரையின் நிலையும் சேர்ந்ததே முழு அளவு.

இறுக்குவதற்கு முன்

1. எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே தலையைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது ஓரத்துப் போல்ட்டுகளில் தொடங்கி நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சூட்டோடு ஒரு பக்கமாகக் கழற்றினால் தலை கோணிவிடக்கூடும்.

2. தலையின் அடிப்புறத்தையும் சிலிண்டரின் மேற்புறத்தையும் பழைய கேஸ்கட் ஒட்டில்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். உளியால் செதுக்கலாகாது, கீறல் விழுந்த இடமே நாளைய கசிவு. உப்புத்தாளின் துகள் சிலிண்டருக்குள் விழாமல் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

3. நேரான இரும்புச் சட்டத்தைத் தலையின்மீது குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கையேட்டில் அனுமதித்த அளவுக்குமேல் வளைந்திருந்தால் பட்டறையில் தளம் சீவிய பிறகே பூட்ட வேண்டும். வளைந்த தலையை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

4. போல்ட்டுத் துளைகளில் தேங்கிய தண்ணீரையும் எண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும். இது மிக முக்கியம். அடி மூடிய துளையில் திரவம் இருந்தால், உள்ளே இறங்கும் போல்ட்டு அதை அழுத்தும். அந்த அழுத்தத்தால் சிலிண்டர் பிளாக்கே வெடித்துப்போகும்.

5. மரைகளைக் கம்பித் தூரிகையால் துலக்கி, நட்டு கையாலேயே கடைசிவரை சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இடை மெலிந்த போல்ட்டையும், மரை நீண்ட போல்ட்டையும் நீக்கிவிட வேண்டும். பழைய போல்ட்டை ஒரு புதிய போல்ட்டோடு மரைக்கு மரை சேர்த்து வைத்துப் பார்த்தால் நீட்சி தெரியும். மாற்றுப் போல்ட்டின் தலையில் 8.8, 10.9 போன்ற பொறிப்பு முன்பிருந்ததற்குக் குறையாமல் இருக்க வேண்டும். வாஷர்களைத் தவறாமல் இட வேண்டும்.

6. கேஸ்கட் புதிதாக இருக்க வேண்டும். ஒரு தடவை நசுங்கிய கேஸ்கட்டை மறுபடியும் போடுவது சிக்கனமன்று. மேற்புறம் என்று குறியிட்ட பக்கம் மேலே வருகிறதா, தண்ணீர்த் துளைகள் ஒத்து நிற்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்.

இறுக்கும் முறை

தவிலுக்கு வார் பிடிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வாரை முழுவதும் இழுத்துவிட்டு அடுத்த வாருக்கு அவர் போவதில்லை. சுற்றிலும் சிறிது சிறிதாக, எதிரெதிராக இழுத்துத் தோலைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறார். தலைப் போல்ட்டுக்கும் அதே நியாயம்.

முதலில் எல்லா நட்டுகளையும் விரலால் சுற்றி அமர்த்த வேண்டும். பிறகு மூன்று சுற்றுகளாக இறுக்க வேண்டும். முழு அளவு 80 நியூட்டன் மீட்டர் என்றால், முதற்சுற்றில் எல்லாவற்றையும் 27க்கும், இரண்டாம் சுற்றில் 54க்கும், மூன்றாம் சுற்றில் 80க்கும் கொண்டுவர வேண்டும். நான்கு போல்ட்டுள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் மூலைக்கு மூலை எதிராகச் செல்ல வேண்டும். பல சிலிண்டர் உள்ள டிராக்டர் எஞ்சினில் நடுவில் தொடங்கிச் சுருள்போல் வெளியே செல்ல வேண்டும். கோரைப்பாயை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிட்டால் சுருக்கம் வெளியேறுகிறது. ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் மடிப்பு நிற்கிறது. கையேட்டில் இறுக்கும் வரிசை எண்ணிட்டுக் காட்டியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

டார்க் ரெஞ்சை வெட்டி இழுக்காமல் நிதானமாக இழுக்க வேண்டும். கைப்பிடியின் குறித்த இடத்தையே பற்ற வேண்டும். "டக்" என்ற ஒலி கேட்டதும் நிறுத்த வேண்டும். உறுதிக்காக இன்னொரு தடவை இழுப்பது அளவு மீறுவதேயாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லா எஞ்சின்களுக்கும் பொதுவான எண் கிடையாது. இக்கட்டுரையில் வரும் 80 என்பது கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டது. நம் எஞ்சினுக்கு உரிய எண் அதன் கையேட்டில் இருக்கும். கையேடு தொலைந்திருந்தால், எஞ்சின் தகட்டிலுள்ள மாதிரி எண்ணைச் சொல்லி விற்பனை முகவரிடம் கேட்டுப் பெறலாம். அலகையும் பார்க்க வேண்டும். பழைய கையேடுகளில் அடி-பவுண்டு என்றோ கிலோகிராம் மீட்டர் என்றோ இருக்கும். 1 அடி-பவுண்டு 1.36 நியூட்டன் மீட்டராகும். 60 அடி-பவுண்டு என்பதை 60 நியூட்டன் மீட்டர் என்று கொண்டால், தேவையான 81க்குப் பதில் 60லேயே நின்றுவிடுவோம்.

ஓட்டிய பின்னர்

வைக்கோல் ஏற்றிய வண்டி சிறிது தூரம் சென்றதும் பாரம் அமிழ்ந்து கயிறு தளரும். அறிந்த வண்டிக்காரர் அங்கே நிறுத்தி ஒரு பிடி இழுத்துக் கட்டுவார். அதுபோல, மெத்தென்ற கேஸ்கட் உள்ள பழைய அமைப்பு எஞ்சின்கள் பலவற்றில், சிறிது நேரம் ஓட்டிய பிறகு தலைப் போல்ட்டுகளை மறுபடியும் இறுக்குமாறு கையேடு கூறும். எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு, எஞ்சின் சூடாக இருக்கும்போதா ஆறிய பிறகா என்பதையும் அதிலேயே காணலாம். அப்போது ஒரு நேரத்தில் ஒரு நட்டை மட்டும் கால் சுற்றுத் தளர்த்தி, உடனே முழு அளவுக்கு இறுக்கி, அதன்பின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். தளர்த்தாமல் இழுத்தால், ஒட்டிக்கொண்ட மரையின் உராய்வே ரெஞ்சை ஏமாற்றிவிடும். தலை சற்று அமிழ்ந்திருக்குமாதலால், டப்பெட் இடைவெளியையும் பின்னர் சரிபார்க்க வேண்டும்.

ஆனால் பல அடுக்கு எஃகுக் கேஸ்கட் போட்ட புதிய எஞ்சின்கள் பலவற்றிற்கு மறு இறுக்கம் கிடையாது. சிலவற்றில் ஓரளவு இறுக்கிய பிறகு, இத்தனை பாகை திருப்ப வேண்டும் என்று கோணக் கணக்கு இருக்கும். அத்தகைய போல்ட்டுகள் பலவும் ஒரு முறைக்கே உரியவை. இவற்றில் பழைய எஞ்சினின் வழக்கத்தைப் புகுத்துவது தவறு.

தண்ணீர் தொட்டியில் அல்லது ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி வருதல், வெண்புகை, தண்ணீர் காரணமின்றிக் குறைதல், எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் மாறுதல், எஞ்சினைக் கிளப்பச் சிரமம் ஆகியவை கேஸ்கட் கெட்டதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு மடை பாயட்டும் என்று ஓட்டினால், கேஸ்கட்டோடு போகும் செலவு தலைக்கும் பிஸ்டனுக்கும் பரவும்.

டார்க் ரெஞ்சின் வகைகள்

அமெரிக்காவில் நியூயார்க் நகரத் தண்ணீர் இலாகாவில் பணியாற்றிய கான்ராட் பார் என்பவர், பூமிக்கடியில் செல்லும் குழாய்களின் போல்ட்டுகள் அளவு மீறி இறுகாமலிருக்க 1918இல் இக்கருவியை உருவாக்கினார் என்று கூறுவர். இன்று சந்தையில் முக்கியமாக நான்கு வகைகள் உள்ளன.

முள் வகை: இழுக்கும்போது இதன் தண்டு வளைகிறது, வளையாத முள் அளவுகோலில் விசையைக் காட்டுகிறது. அமைப்பு எளியது, உள்ளே வில்லோ பற்களோ இல்லை. முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று கண்ணாலேயே சரிபார்க்கலாம். ஆனால் முள்ளை நேர் எதிரே நின்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் அளவு மாறித் தோன்றும்.

டக் ஒலி வகை: கைப்பிடியைத் திருகி வேண்டிய அளவை அமைத்துக்கொண்டால், அந்த அளவு வந்ததும் ஒலியும் உதறலும் தோன்றும். இருண்ட இடத்திலும் குனிந்த நிலையிலும் வசதியானது. உள்ளிருக்கும் வில் தளரக்கூடியதாதலால் காலாகாலத்தில் சோதனை தேவை.

முகப்பு வகையும் மின்னணு வகையும்: முன்னது கடிகார முகப்பில் அளவைக் காட்டும், பின்னது எண்களாகக் காட்டும். இரண்டும் நுட்பமானவை. ஆனால் தூசியும் ஈரமும் அடியும் படும் களத்துக்கு அதிகக் கவனம் தேவைப்படும். மின்னணு வகைக்குப் பாட்டரியும் வேண்டும்.

கிராமப் பொது உபயோகத்துக்கு முதலில் முள் வகை ஒன்று போதுமானது. வேலை மிகுந்த இடத்தில் டக் ஒலி வகையை அன்றாட வேலைக்கும், முள் வகையை ஒப்பிட்டுப் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, அளவு வீச்சு. பெரும்பாலான ரெஞ்சுகள் தம் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பத்தக்கவை அல்ல. நம் வேலை 50 முதல் 150 நியூட்டன் மீட்டர் வரையில் என்றால், 200 வரை செல்லும் அரை அங்குலச் சதுர முனை ரெஞ்சு பொருந்தும். சிறிய போல்ட்டுகளுக்கு அதை உபயோகிக்காமல் சிறிய ரெஞ்சை நாட வேண்டும்.

இரண்டாவது, துல்லியம். கைரெஞ்சுகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 6789 ஆகும். 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட டக் ஒலி வகைக்கு நூற்றுக்கு 4 பங்கு கூடுதல் குறைவையும், முள் வகைக்கு 6 பங்கையும் அது அனுமதிக்கிறது. கருவியோடு வரும் சோதனைச் சான்றில் அந்தக் கருவியின் வரிசை எண்ணே எழுதப்பட்டுள்ளதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். எண்ணில்லாத பொதுச் சான்று வெறும் காகிதம்.

மூன்றாவது, அளவுகோல் ஆழமாகப் பொறிக்கப்பட்டு எண்ணெய்க் கைபட்டாலும் அழியாமல் இருக்க வேண்டும். நியூட்டன் மீட்டர் அலகு கட்டாயம் இருக்க வேண்டும்.

நான்காவது, பழுதுபார்க்கும் வசதி. அருகிலுள்ள நகரத்தில் சோதித்துத் திருத்தித் தருவார்களா என்று கேட்க வேண்டும். தயாரிப்பாளர் பெயரோ வரிசை எண்ணோ இல்லாத மலிவுச் சரக்கை, முத்திரையில்லாத படிக்கல்லைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட வேண்டும்.

பேணுதலும் சோதித்தலும்

டக் ஒலி ரெஞ்சை வேலை முடிந்ததும் அளவுகோலின் மிகக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்திப் பெட்டியில் வைக்க வேண்டும்; அதற்கும் கீழே திருகக் கூடாது. இறுகிய நட்டைக் கழற்ற டார்க் ரெஞ்சை உபயோகிக்கக் கூடாது. சுத்தியலாக்குவதும், கைப்பிடியில் குழாய் செருகுவதும் கருவியைக் கெடுக்கும். முனையில் நேராக நீட்டிப்பு மாட்டினாலும் அளவு மாறும். 40 சென்டிமீட்டர் ரெஞ்சில் 10 சென்டிமீட்டர் நீட்டிப்பைச் சேர்த்தால், 80க்குப் பதில் 64இல் அமைக்க வேண்டும். ஆனால் சாக்கெட்டுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் நீட்டிப்பால் இந்த மாற்றம் இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 5,000 முறை இறுக்கிய பிறகு, இவற்றில் எது முந்தி வருகிறதோ அப்போது சோதிக்க வேண்டும் என்பது பொதுவிதி. கீழே விழுந்த கருவியை உடனே சோதிக்க வேண்டும். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்தக் கூடங்களில் இதைச் செய்து சான்று பெறலாம்.

இடையிடையே ஊரிலேயே ஓர் எளிய பரீட்சை செய்யலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்துக் கைப்பிடியைக் கிடைமட்டமாக நிறுத்த வேண்டும். முனையின் மையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில், அரசு முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட வேண்டும். முள் 78.5 நியூட்டன் மீட்டருக்கு அருகில் காட்ட வேண்டும். கல்லைத் தொங்கவிடுமுன் ரெஞ்சின் சொந்த எடையால் முள் காட்டும் சிறு அளவைக் கழித்துக்கொள்ளலாம். இது சான்றுக்கு ஈடாகாது. கருவி கெட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும்.

டார்க் ரெஞ்சே கிடைக்காத அவசர நேரத்தில் இதே தத்துவம் உதவும். மையத்திலிருந்து சரியாக 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனர்ப் பிடியின் நுனியில் நல்ல வில் தராசு ஒன்றை மாட்டி, செங்கோணத்தில் 20 கிலோ காட்டும்வரை இழுத்தால் 8 கிலோகிராம் மீட்டர் கிடைக்கும். குழாயில் தொங்குவதைவிட இது பன்மடங்கு மேல்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

தலையைக் கழற்றும் வேலை ஓர் எஞ்சினுக்கு எப்போதோ ஒருமுறை வருவது. அதற்காக ஒவ்வொரு விவசாயியும் டார்க் ரெஞ்சு வாங்குவது வீண் செலவு. ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். விவசாயிகள் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ அதை வாங்கலாம். பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்னின்று, கருவியைப் பொறுப்பாக வைத்திருக்க ஒருவரை நியமித்து, ஒரு பதிவேடு ஏற்படுத்தலாம். யார் எடுத்தார், எந்த எஞ்சினுக்கு, எந்த அளவில் இறுக்கினார், கருவி கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதி எது என்ற நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும். அப்பதிவேடு சில ஆண்டுகளில் ஊரின் எஞ்சின்களுக்கெல்லாம் ஜாதகமாகிவிடும்.

ஊர் மெக்கானிக்கைப் புறக்கணிக்காமல் அவரையே இதில் முதல்வராக்க வேண்டும். அவருடைய கை பல ஆண்டுகள் பழகிய கை. அளவுகோலும் சேர்ந்தால் அந்தக் கைக்கு மதிப்பு கூடும். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தின் ஆசிரியரையோ வேளாண்மைப் பொறியியல் துறையினரையோ அழைத்து, ஒரு பிற்பகல் செய்துகாட்டச் சொல்வதும் நன்று. விவசாயிகள் தம் பங்குக்கு, எஞ்சின் கொட்டகையின் சுவரில் மாதிரி எண், தலைப் போல்ட்டின் அளவு, மரைக்கு எண்ணெய் உண்டா இல்லையா, கடைசியாக இறுக்கிய தேதி ஆகியவற்றைப் பெயிண்டால் எழுதி வைக்கலாம்.

எஞ்சினை இறுக்குவதற்குப் பலம் வேண்டும் என்று இதுவரை எண்ணி வந்தோம். பலம் நம்மிடம் ஏற்கெனவே போதிய அளவு உண்டு. வேண்டியது அதை அளக்கும் பழக்கம். தண்ணீர் தேவைப்படும் நாளில் எஞ்சின் ஓடுமா ஓடாதா என்பதை, தலையைப் பூட்டிய நாளில் காட்டிய நிதானமே தீர்மானிக்கிறது.

கலந்து பேசுவதற்குச் சில வினாக்கள்

1. நம் ஊரில் சென்ற ஆண்டு எத்தனை எஞ்சின்களுக்குக் கேஸ்கட் மாற்றப்பட்டது? அவற்றில் மறுபடியும் கெட்டவை எத்தனை?

2. நம் எஞ்சினின் கையேடு எங்கே இருக்கிறது? அதில் தலைப் போல்ட்டின் அளவு எந்த அலகில் உள்ளது?

3. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியை 25 கிலோ விசையால் இழுத்தால் எத்தனை நியூட்டன் மீட்டர் கிடைக்கும்?

4. துருப்பிடித்த மரையில் நட்டு கடினமாக இருந்தும் பிடிப்பு ஏன் குறைவாக இருக்கிறது?